தோட்டச் சொற்களை எங்கே வைப்பது: கிட்ஹப்பா, கோட்பெர்க்கா?

செம்பனைத் தம்பி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், அங்கே வேலை செய்தவர்கள் பேசும் சொற்களைச் சேர்த்த பட்டியலைத் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தும்படி, வெளியிடப் போகிறோம். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கிராணி, மங்கு, காண்டா, ஆயாக்கொட்டகை, இப்படி. எல்லாம் உரைக்கோப்புகள்தான். இப்போது மூன்று பேர் கணினியில் மூன்று படி கிடக்கிறது, எந்தப் பொருளை யார் திருத்தினார்கள் என்றே தெரியவில்லை. அதனால் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் மென்பொருள்தான் என்று முடிவாகிவிட்டது. கிட் கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் தளங்களில் எங்கே ஏற்றுவது, கிட்ஹப்பிலா, கோட்பெர்க்கிலா? நான் கிட்ஹப் என்கிறேன். நம்மோடு வேலை செய்யும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அங்கே கணக்கு இருக்கிறது, வேலை தேடும்போது காட்டவும் உதவும்.

பழைய லயம்:
எனக்கு உடன்பாடில்லை தம்பி. 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் விலை பேசி கிட்ஹப்பை வாங்கியது. அடுத்த வருடமே அமெரிக்கத் தடையைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரீமியாவில் இருந்தவர்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த நிரலர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? நான் பிறந்த லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, எங்கள் பெயரில் இல்லை, தோட்டம் கைமாறியதும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். சேர்த்த சொற்களுக்கும் அந்த நிலை வேண்டாம். கோட்பெர்க்கை நடத்துவது ஜெர்மனியில் பதிவான லாபநோக்கற்ற சங்கம். அந்தத் தளத்தை இயக்கும் மென்பொருளான ஃபோர்ஜெயோவும் திறமூலம்தான்.

செம்பனைத் தம்பி:
அண்ணே, வீடும் இதுவும் ஒன்றில்லை. கிட்டில் குளோன், அதாவது முழுப் படி, எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறது. கிட்ஹப் கதவைச் சாத்தினால் வேறு இடத்தில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு பாட்டியின் பேரன் ஒரே ஒரு சொல்லைத் திருத்த வருகிறான், கோட்பெர்க்கில் புதுக் கணக்குத் திற என்றால் அப்படியே போய்விடுவான். அந்தத் திருத்தம் நமக்குத் திரும்பக் கிடைக்காது.

டீச்சர் அக்கா:
ஐந்து நிமிடத்தில் நகர்வது கோப்புகள் மட்டும்தான் தம்பி. பெரட்டு என்பதற்கு நம் பட்டியலில் ஒரு வரிப் பொருள் இருக்கிறது. ஆனால் விடியாத இருட்டில் வரிசையில் நின்று பேர் கொடுத்தது, பிந்திப் போனால் அன்றைய கூலி போனது, அதெல்லாம் அந்தச் சொல்லைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போதுதான் வருகிறது. அந்தப் பேச்சை நீங்கள் இஷ்யூவில், அதாவது தளத்தில் கருத்தும் திருத்தமும் பேசும் பக்கத்தில், பதியப் போகிறீர்கள். இஷ்யூக்கள் கிட்டுக்குள் இல்லை, தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இதே மாதிரித் தளமான கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டதை மறக்கவேண்டாம்.

செம்பனைத் தம்பி:
ஃபோர்ஜெயோ கிட்ஹப்பிலிருந்து இஷ்யூக்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளுமே அக்கா.

டீச்சர் அக்கா:
கிட்ஹப் திறந்திருக்கும் வரைக்கும்தான். எஸ்கியூலைட் தரவுத்தள மென்பொருளை எழுதும் ஆட்கள் கிட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஃபாசில், இஷ்யூ போன்ற டிக்கெட்டையும் விக்கியையும் களஞ்சியத்துக்குள்ளேயே வைக்கிறது, எனக்கு அது பிடிக்கும், ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கிட்தான். அதனால் சொல்லுக்கு ஒரு கோப்பு, யார் எந்தத் தோட்டத்தில் என்ன சொன்னார் என்பது அதே கோப்பின் கீழே. அப்புறம், குரல்பதிவுகளை அதில் திணிக்காதீர்கள், 100 எம்பியைத் தாண்டிய கோப்பை கிட்ஹப் ஏற்காது.

கடைத்தெரு:
சொந்தக் கணினியில் ஃபோர்ஜெயோ போட்டால் யார் தயவும் வேண்டாமே?

பழைய லயம்:
செய்து பார்த்தேன். ஒரு சாயங்கால மழையில் இடி விழுந்து மோடமும் வன்வட்டும் சேர்ந்து போயின. நம் ஊர் மின்னலுக்கு நான் தயாராக இல்லை.

செம்பனைத் தம்பி:
சரி, பேச்சு கோப்புக்குள்ளேயே இருக்கட்டும், அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. கிட்டில் இரண்டு ரிமோட், அதாவது இரண்டு தள முகவரி, வைத்து இரண்டு இடத்துக்கும் தள்ளலாம். ஆனால் திருத்தம் வாங்கும் வாசல் கிட்ஹப்தான், அதில் நான் மாறமாட்டேன்.

பழைய லயம்:
வாசல் ஒன்றாக இருப்பது நல்லது, அதை ஏற்கிறேன். எது என்பதில் இன்னும் இல்லை. ஞாயிறு காலை உன் படியைக் கொண்டு வா, கோட்பெர்க்கில் நானே ஏற்றுகிறேன்.