ஆட்ரி லோர்டை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஈசூன் வாசகி:
எங்கள் வட்டார நூலகத்தில் கூடும் வாசகர் குழுவில் அடுத்த மாதம் ஆட்ரி லோர்டைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 1934இல் நியூயார்க்கில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர், நூலகராகப் பணியாற்றியவர், தம்மைக் கறுப்பினத்தவர், தற்பாலீர்ப்புப் பெண், தாய், போராளி, கவிஞர் என்று ஒரே மூச்சில் அறிமுகப்படுத்திக்கொண்டவர். இவரை முதன்முதலாகப் படிப்பவர்களிடம் எதைக் கொடுக்கலாம்? 'ஜாமி' நூலை அவர் 'பயோமித்தோகிராஃபி' என்றாரே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தோ பாயோ:
'தொன்மம் கலந்த தன்வரலாறு' என்பேன், கொஞ்சம் நீளம்தான். 1982இல் வந்த அந்நூலின் தலைப்பு, ஒன்றாக உழைத்துத் தோழிகளாகவும் காதலிகளாகவும் வாழும் பெண்களைக் குறிக்க அவருடைய தாயின் ஊரான காரியகூ தீவில் வழங்கும் சொல். ஆட்ரி என்ற தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் வரும் 'ஒய்' எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே தொங்குவது பிடிக்காமல், எழுதப் பழகிய வயதிலேயே அதை விட்டுவிட்டுத் தம் பெயரை எழுதியதையும் அதில் சொல்கிறார். அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

மருதாணி:
நான் 1980இல் வெளியான அவருடைய 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' நூலைத்தான் சொல்வேன் அக்கா. மார்பகத்தை அகற்றிய பிறகு, அது இருப்பதுபோலத் தெரிய உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள அவருக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சுத் திண்டு வெளிறிய இளஞ்சிவப்பு. அவர் தோலோ கறுப்பு. திண்டு வைக்காமல் தையல் பிரிக்கப் போனபோது, இப்படி வந்தால் இங்குள்ளவர்களின் மனம் சோர்ந்துவிடும் என்று தாதி கடிந்துகொள்கிறார். எனக்கும் அதே அறுவைச் சிகிச்சை நடந்தது. "பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்" என்று இங்கே ஒரு மருந்தகத்தில் என்னிடமும் சொன்னார்கள். நான் இன்றும் திண்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன், ஆனால் அது யாருடைய வசதிக்கு என்ற கேள்வியை அந்நூல் என்னிடம் விட்டுச் சென்றிருக்கிறது.

தேக்கா:
கவிஞரைப் பற்றிய கூட்டத்தில் கவிதை இல்லாமலா? 1973இல் நியூயார்க்கில் பத்து வயதுக் கறுப்பினச் சிறுவன் கிளிஃபர்ட் குளோவரைச் சுட்டுக்கொன்ற காவலர், 11 வெள்ளையர்களும் ஒரு கறுப்பினப் பெண்ணும் அமர்ந்த நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டார். காரில் போகையில் அச்செய்தியைக் கேட்ட லோர்ட், வண்டியை ஓரங்கட்டி எழுதத் தொடங்கியதே 'பவர்' என்ற கவிதை. அதில் அவர் காவலரோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த ஒற்றைப் பெண் எப்படி இணங்க வைக்கப்பட்டார் என்பதையும், தமக்குள் எழும் வன்மத்தையும் பார்க்கிறார். உரக்கப் படியுங்கள், விளக்கம் பிறகு வரட்டும்.

ஈசூன் வாசகி:
மூவருக்கும் நன்றி. 'பவர்' முதலில், பிறகு குறிப்பேடுகளிலிருந்து அந்தத் தாதி வரும் பகுதி. மருதாணி, அதை நீங்களே வந்து படிக்க முடியுமா?