ரிசீவர் பேட்டரி: ஆரல்வாய்மொழிக் காற்றில் போன என் 50 சிசி ரிமோட் மாதிரி விமானம்
(ரிமோட் விமானம் ஓட்டும் நண்பர்கள், அவரவர் ஊர்ப் பெயரில் எழுதியது)

நாகர்கோவில்:
ஆனி மாசம், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பொட்டல். முப்பந்தல் காற்றாலைகள் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கணவாய்க் காற்றில் ரிமோட்டின் ஸ்டிக்கை ஒரு நொடிகூட சும்மா வைக்க முடியாது. என் விமானம் 50 சிசி பெட்ரோல் எஞ்சின், சிறகு 2.2 மீட்டர், எடை ஏழரை கிலோ. ஏலரானுக்கு (சிறகில் அசையும் பலகை) 2, எலிவேட்டருக்கு (வாலின் கிடைமட்டப் பலகை) 2, ரடருக்கு (வாலின் செங்குத்துப் பலகை) 1 என்று ஐந்து பெரிய டிஜிட்டல் சர்வோ (அவற்றை அசைக்கும் மோட்டார்), எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு ஒரு சின்னது. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், அதன் வழியே சர்வோக்களுக்கும் 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, கொள்ளளவு 2000 எம்ஏஎச். பறக்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 6.3 வோல்ட் காட்டியது. நம்பி ஏற்றினேன்.

இறக்க வரும்போது ஒரு குத்துக்காற்று. நேராக்க எல்லா ஸ்டிக்கையும் ஒன்றாக இழுத்தேன். விமானம் கேட்கவில்லை. இரண்டு நொடி இருக்கும். மறுபடி கட்டுப்பாடு வந்தபோது உயரம் மிச்சமில்லை, வாழைத்தோட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே ஆள் யாரும் இல்லாதது பெரிய புண்ணியம்.

வீட்டில் அதே பேட்டரியை வாட்மீட்டர் (ஓடும்போதே வோல்ட், ஆம்பியர் காட்டும் மீட்டர்) வழியாக மாட்டி, ஸ்டிக்குகளை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். 6.3 என்று நின்றது 4.1க்கு இறங்கியது. சிறகில் காற்றின் அழுத்தம் இல்லாமலே இந்த நிலை! பெரிய டிஜிட்டல் சர்வோ திணறும்போது ஒன்றே 3, 4 ஆம்பியர் இழுக்கும். ஐந்தும் சேர்ந்தால் 10ஐத் தாண்டும். சின்ன செல்லின் உள்தடை, மெல்லிய வயர், சாதா சுவிட்ச் எல்லாமே வோல்ட்டைத் தின்னும். 3.5 பக்கம் போனால் பல ரிசீவர்கள் அணைந்து திரும்ப எழும். சும்மா கிடக்கும் பேட்டரியின் வோல்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது 2 செல் லைஃபே (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 2300 எம்ஏஎச், இரண்டு பேக். ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், ரிசீவரில் தனி சாக்கெட். அதே சோதனையில் 6.2க்குக் கீழே இறங்கவில்லை. பெயரளவு வோல்ட் 6.6 என்பதால் என் சர்வோக்களுக்கு வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டியிருக்கவில்லை. உங்கள் சர்வோ 6 வோல்ட்தான் தாங்கும் என்றால் முதலில் அதைப் பாருங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் பேட்டரி எப்போதும் தனி.

குளச்சல்:
எனக்குப் பேட்டரியில் குறையில்லை, கனெக்டரில்தான். கடல்காற்று படுகிற இடம். பிளக்கின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. தோலை உரித்தால் கறுப்பு வயரும் உள்ளே கறுத்துக் கிடந்தது. மழைக்காலம் முடிந்ததும் எல்லா வயரையும் மாற்றிவிடுகிறேன்.

மார்த்தாண்டம்:
லைஃபே வாங்கியவர்கள் சார்ஜரில் மோடைப் பார்த்து வையுங்கள். 2 செல் லைஃபேக்கு சார்ஜ் 7.2 வோல்ட்டில் நிற்கணும். என் தம்பி லிப்போ (லித்தியம் பாலிமர்) மோடில் போட்டுவிட்டான், அது 8.4 வரைக்கும் ஏற்றப் பார்க்கும். பேக் சூடானதைத் தொட்டுப் பார்த்துக் கழற்றினோம். அந்தப் பேக்கை அப்புறம் விமானத்தில் வைக்க மனசு வரவில்லை.

தக்கலை:
அண்ணே, லைஃபேயில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எப்படித் தெரியும்? ரெண்டு தடவை பறந்த பிறகும் அதே 6.6 தான் காட்டுது.

நாகர்கோவில்:
அதுதான் அதோட குணம் மக்களே, கடைசி வரைக்கும் வோல்ட் அப்படியே நிக்கும், பிறகு சட்டுனு விழுந்துரும். வோல்ட்டைப் பாக்காதே. ஒரு தடவை பறந்துட்டு வந்து சார்ஜ் போடு, எத்தனை எம்ஏஎச் திரும்ப ஏறுதுன்னு எழுதி வை. எனக்கு 10 நிமிஷத்துக்கு ரெண்டு பேக்கும் சேர்ந்து 400 கிட்ட ஏறுது. பாதி தீருமுன்னே நிறுத்திருவேன். கும்பப்பூ நெல் அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சதும் வா, வாட்மீட்டர் கொண்டு வாறேன், உன்னோடதையும் அளந்து பாத்துரலாம்.