நாடுகளோட ஒப்பந்தத்துல வர்ற 'ரிசர்வேஷன்' இடஒதுக்கீடு இல்லீங்க, விலக்குரைன்னு வெக்கலாமா?

ஐயா, நீங்க அனுப்பின மொழிபெயர்ப்பு வரைவுல "குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை அமெரிக்கா 1992ல இடஒதுக்கீட்டோட ஏத்துக்கிட்டது"ன்னு இருந்துச்சு, சிரிச்சிட்டேன், மன்னிக்கணும். நம்ம கை தானா அங்கதான் போகும். ஆனா நடந்தது வேற. பதினெட்டு வயசுக்குள்ள செஞ்ச குற்றத்துக்கு மரண தண்டனை கூடாதுன்னு அந்த உடன்படிக்கை சொல்லுது, அந்த வரி எங்களைக் கட்டாதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் ஏத்துக்கிட்டாங்க.

'நிபந்தனை'யும் சரிப்படாது. நிபந்தனைன்னா அடுத்தவன் நிறைவேத்தணும், இது தன் கடமைல கொஞ்சம் தானே கழிச்சுக்கிறது.

என் யோசனை 'விலக்குரை'. 1969 வியன்னா ஒப்பந்தச் சட்டமே இதை ஒரு நாடு ஒருதலையா குடுக்கற கூற்றுன்னுதான் சொல்லுது, சில பிரிவுகளோட சட்ட விளைவை விலக்கறதுக்கோ மாத்தறதுக்கோ, அதுக்கு என்ன பேர் வெச்சிருந்தாலும் சரி. 'மாத்தறது' என் சொல்லுல வரல, தெரியும், விட்டுட்டேன்.

இந்தச் சொல் சும்மா ஓரத்துல வர்றதும் இல்ல. 1948 இனப்படுகொலை ஒப்பந்தத்துல, தகராறு வந்தா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகணும்ங்கற 9ஆம் பிரிவை சோவியத் அணி ஒத்துக்கல. அதுவரைக்கும் பொதுவா மத்த எல்லாரும் சம்மதிச்சாதான் விலக்குரை செல்லும்னு இருந்த வழக்கத்தை, 1951ல சர்வதேச நீதிமன்றம் 7க்கு 5ன்னு தளர்த்திடுச்சு, ஒப்பந்தத்தோட நோக்கத்துக்கு முரணா இல்லாட்டி போதும்னு. அந்தக் கதவு வழியாத்தான் 1979 பெண்கள் உரிமை ஒப்பந்தத்துக்குள்ள அத்தனை விலக்குரை நுழைஞ்சுது.

இன்னொரு சிக்கல். இந்தியா 1979ல இந்தக் குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கைலயும், அதோட ஜோடியான பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கைலயும் சேர்ந்தப்போ சுயநிர்ணய உரிமை அந்நிய ஆதிக்கத்துல இருக்கற மக்களுக்கு மட்டும்தான்னு ஒரு அறிவிப்பு குடுத்துச்சு. பேரு 'டிக்ளரேஷன்', ஆனா பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து மூணும் எதிர்ப்பு தெரிவிச்சாங்க. இதுக்கு முதல்ல 'விளக்கவுரை'ன்னு எழுதிட்டு வாய்விட்டுப் படிச்சேன், விலக்குரை, விளக்கவுரை... ஒரு லகரம் தவறினா ஒப்பந்தமே கவுந்துடும்! அதனால டிக்ளரேஷனுக்கு 'பொருளுரை', அப்ஜெக்‌ஷனுக்கு 'எதிர்ப்புரை'. இந்தியா குடுத்தது பேருக்குப் பொருளுரை, வேலைக்கு விலக்குரை.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கின ரோம் சட்டத்தோட 120ஆம் பிரிவை வெச்சு இந்தச் சொல்லைச் சோதிச்சேன்: "இச்சட்டத்துக்கு விலக்குரை எதுவும் செய்யலாகாது." எனக்கு உறுத்தல. லகர ளகரம் இன்னும் பயமுறுத்துதுன்னா 'விலக்கீடு'ன்னு மாத்திக்கலாம், ஆனா அப்போ 'உரை' போயிடும். எது தேவலை?