ஸ்பிரிங்: எக்ஸ்எம்எல்லிலிருந்து அனோட்டேஷனுக்கு மாறும்போது எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (திருப்பூர்)

வணக்கம். இங்குள்ள ஒரு பனியன் கம்பெனியின் கூலிக்கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். ஜாவா மென்பொருள்களுக்கான ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் 2.0 காலத்தில் தொடங்கப்பட்ட அது, இன்று 4.3 பதிப்பில் ஓடினாலும், எந்தக் கிளாஸுக்கு எந்தக் கிளாஸ் தேவை என்னும் இணைப்புகள் அனைத்தும் 1,800 வரிகள் கொண்ட ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில்தான் இருக்கின்றன. அதில் ஒரு கிளாஸின் பெயரைத் தவறாக எழுதினால் கம்பைலர் எதுவும் சொல்வதில்லை. சர்வரைத் தொடங்கும்போதுதான் பிழை தெரிகிறது.

ஜாவா நிரலிலேயே @ குறியோடு எழுதும் அனோட்டேஷனுக்கு மாற எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. தையல் பிரிவுக்குப் பீஸ்ரேட் (உருப்படிக்குக் கூலி), செக்கிங் பிரிவுக்கு ஷிப்ட் (வேலை நேரத்துக்குக் கூலி) என்று ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு கிளாஸ்கள் இருக்கின்றன. எது எந்தப் பிரிவுக்குச் செல்லும் என்பதை எங்கே எழுதுவது? மேலும், யூனிட்டுக்கு யூனிட் மாறும் டேட்டாபேஸ் முகவரியை இப்போது எக்ஸ்எம்எல்லில் திருத்திக்கொள்கிறோம். இனி அதற்கும் கம்பைல் செய்ய வேண்டியிருக்குமா?

பதில் 1 (சரவணம்பட்டி, கோவை)

வணக்கம். முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. இணைப்புகளை ஜாவாவிலேயே சொல்லும் ஒரு @கான்ஃபிகரேஷன் கிளாஸை எழுதி, அதன் தலையில் @இம்போர்ட்ரிசோர்ஸ் கொண்டு பழைய எக்ஸ்எம்எல்லை அப்படியே சேர்த்துக்கொண்டால், பிரிவு பிரிவாக நிதானமாக நகர்த்தலாம்.

அனோட்டேஷன் என்றாலே தேவையானதை ஸ்பிரிங்கே இணைக்கச் சொல்லும் @ஆட்டோவயர்டை ஃபீல்டுகளின் மேல் போடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சார்புகளை, அதாவது ஒரு கிளாஸுக்குத் தேவையான பிற ஆப்ஜெக்ட்களை, கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் பெற்றால் ஃபீல்டை ஃபைனலாக வைக்கலாம். ஸ்பிரிங் இல்லாமலேயே டெஸ்ட் எழுதலாம். ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருக்கும் கிளாஸுக்கு, உங்கள் 4.3 பதிப்பிலிருந்து @ஆட்டோவயர்டு தேவையே இல்லை.

நீங்களே எழுதிய சாதாரண கிளாஸ்களுக்கு, 2007இல் 2.5 பதிப்போடு வந்த @சர்வீஸும், அப்படிக் குறியிட்ட கிளாஸ்களைத் தேடிப் பதிவுசெய்யும் காம்பொனென்ட் ஸ்கேனும் போதும். பிறருடைய லைப்ரரி கிளாஸ்களில் நாம் எதையும் எழுத முடியாது. அவற்றுக்கு, பீனை (ஸ்பிரிங் பராமரிக்கும் ஆப்ஜெக்டை) உருவாக்கித் தரும், 2009இல் 3.0 பதிப்பில் வந்த @பீன் மெத்தட் வேண்டும். கூலிக்கணக்கு உங்களுடைய கிளாஸ்தான் என்றாலும், அதையும் @பீன் மெத்தடாகவே எழுதுமாறு வற்புறுத்துவேன். எந்தப் பிரிவுக்கு எந்தக் கூலி என்பது தொழிலாளியின் வருமானம் சார்ந்த விதி. அது நூறு கிளாஸ்களில் சிதறாமல் ஒரே பக்கத்தில் படிக்கும்படி இருக்க வேண்டும். தையல் பிரிவின் மெத்தட் பீஸ்ரேட் மெத்தடை நேரடியாக அழைக்கும்போது, பெயர் தவறினால் கம்பைலரே தடுத்துவிடும். @கான்ஃபிகரேஷன் கிளாஸுக்குள் அப்படி எத்தனை முறை அழைத்தாலும் ஒரே ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும். வெறும் @காம்பொனென்ட் கிளாஸில் ஒவ்வோர் அழைப்புக்கும் புதியது உருவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

பல கிளாஸ்கள் பொருந்தும்போது ஒன்றை இயல்பான தேர்வாக்கும் @பிரைமரியை இங்கே தவிர்த்துவிடுங்கள். பீஸ்ரேட்டில் அது இருந்தால், எது வேண்டும் என்று பெயர் சொல்லும் @குவாலிஃபையரை யாரேனும் மறந்தாலும் ஷிப்ட் தொழிலாளிக்குச் சத்தமில்லாமல் பீஸ்ரேட் கணக்கு ஓடும். அது இல்லையென்றால், பெயரும் பொருந்தாத நிலையில் மென்பொருள் தொடங்கவே மறுக்கும்.

டேட்டாபேஸ் முகவரியை, சர்வரில் ஏற்றும் வார் கோப்புக்கு வெளியே ஒரு புராப்பர்ட்டீஸ் கோப்பில் வைத்து, @புராப்பர்ட்டிசோர்ஸ் மூலம் படியுங்கள். திருத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பதில் 2 (பெருந்துறை)

மேலே சொன்னது அனைத்தும் சரி. நான் பட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கூலித்தகவல் அனுப்பும் கிளாஸுக்கு @சர்வீஸ் போட்டுவிட்டு, எக்ஸ்எம்எல்லில் வேறு ஐடியில் இருந்த அதன் பழைய வரியை நீக்காமல் விட்டுவிட்டேன். பெயர் வேறு என்பதால் இரண்டு பீன்கள் உருவாயின. அதை வேறெந்தக் கிளாஸும் கேட்டுப் பெறாததால் பிழையும் எழவில்லை. அதற்குள், குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு @ஷெட்யூல்டு மெத்தட் இருந்தது. சனிக்கிழமை மாலை, சம்பள நேரத்தில், ஒவ்வொருவருக்கும் இரண்டு குறுஞ்செய்திகள் சென்றன. இரட்டைச் சம்பளமா என்று கேட்டு வந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல மிகவும் சங்கடமாக இருந்தது. அனோட்டேஷனைச் சேர்ப்பதும் எக்ஸ்எம்எல் வரியை நீக்குவதும் ஒரே கமிட்டில் நடக்கட்டும். இன்னொன்று: ஒரே பீனின் ஒரே புராப்பர்ட்டியை இரண்டு வழியிலும் இணைத்தால், பின்னால் செயல்படும் எக்ஸ்எம்எல் மதிப்பே நிற்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தையலையும் செக்கிங்கையும் நேற்று மாற்றிவிட்டேன். நீக்கும்போது பார்த்ததில், நான்கு பீன்களை எந்தக் கிளாஸும் பயன்படுத்தாமலே இத்தனை ஆண்டுகள் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். பெருந்துறை நண்பர் சொன்னபடி எங்கள் @ஷெட்யூல்டு மெத்தட்களைத் தேடினேன். அயர்னிங் பிரிவின் ஒன்றரை ஷிப்ட் கணக்கில் ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவைச் சம்பள நாள் கழிந்து திங்கட்கிழமை தொடுகிறேன்.