ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி: பெரிய பிளேடை மாற்றினால் விலை ஏறுமா?

கேள்வி (கீழக்கரை)

கொழும்பு வழியாக வந்த பழைய ஜோசப் ராட்ஜர்ஸ் மடக்குக் கத்தி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சரக்கு, இரண்டு பிளேடு. சின்னது நன்றாக இருக்கிறது. பெரியதில் நுனி 3 மி.மீ. ஒடிந்திருக்கிறது, நடுவில் துருக்குழி. வெள்ளைப் பிடி. மூட்டில் ஆட்டம் இல்லை. இதே கம்பெனியின் இன்னொரு கத்தி கிடைக்கிறது; அதன் மஞ்சள் பிடி வெடித்து உதிர்கிறது, ஆனால் பிளேடு முழுசு. அந்தப் பிளேடை இதில் போட்டு விற்றால் விலை கூடுமா?

பதில் 1 (மண்டபம்)

கூடாது காக்கா, குறையும். சேகரிப்பவர் முதலில் பார்ப்பது பிளேடின் அடியில், மூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரையைத்தான். உங்கள் கத்தியின் வயதைச் சொல்வது அது ஒன்றே. ராட்ஜர்ஸ் என்றால் நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் இருக்கும். பல கத்திகளில் கிரீடத்தின் இரு பக்கமும் அரசரின் எழுத்துகள் இருக்கும்: வி ஆர் என்றால் விக்டோரியா, 1901-க்குள், ஈ ஆர் என்றால் 1901 முதல் 1910 வரை, ஜி ஆர் என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. ஜி ஆரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜ் (1910–1936), ஆறாம் ஜார்ஜ் (1936–1952) இருவருக்கும் அதே எழுத்துதான்.

வேறு கத்தியின் பிளேடு ஏறிவிட்டால் பிடிக்கு ஒரு வயது, பிளேடுக்கு ஒரு வயது. அப்புறம் அது சேகரிப்புப் பொருள் இல்லை, ஒட்டுப்போட்ட கத்தி. நுனி ஒடிந்த அசலுக்கு வாங்க ஆள் உண்டு. ஒட்டுப்போட்டதற்கு உதிரி பாக விலைதான். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று.

இன்னொன்று: உங்களுடையது ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு பிளேடின் முத்திரையும் ஒத்துப்போகிறதா? பிளேடைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் முதுகு ஸ்பிரிங் பட்டை பிடியோடு சமமாக நிற்கிறதா? பிடி முனையில் இருக்கும் உலோகத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மூட்டு ஆணியின் தலை வட்டமாகத் தெரிகிறதா? கம்பெனி வேலையில் அது உலோகத்தோடு கலந்து மறைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தால், அல்லது விளிம்பு மழுங்கிப் பளபளத்தால், யாரோ திறந்திருக்கிறார்கள்.

பதில் 2 (பாம்பன், பட்டறை)

அண்ணன் சொன்னதுதான் சரி. ஆனா எப்படி மாத்துறாங்கன்னு தெரிஞ்சா ஏன் கெடுதுன்னும் புரியும்.

மூட்டு ஆணி பெரும்பாலும் 2.4 மி.மீ. வரும். 2 மி.மீ. டிரில்ல நடுவுல ஓட்டை போட்டு, மிச்சத்தைப் பஞ்ச் வச்சுத் தட்டி எடுப்பாங்க. மையம் அரை மி.மீ. விலகுனாலும் ஓட்டை முட்டையா ஆயிடும், அப்புறம் ஆட்டம் நிக்காது. தட்டுற அதிர்ச்சியில பழைய எலும்புப் பிடி ஆணிக்குப் பக்கத்துல கீறல் விடும்.

அடுத்தது பொருத்தம். அந்தக் காலத்து ஷெஃபீல்டு வேலை கையால அரம் போட்டது. ஒவ்வொரு பிளேடும் அதோட ஸ்பிரிங்குக்குன்னே தேய்ச்சது. ஒரே மாடல்னாலும் நேரா உக்காராது. மூடும்போது ஸ்பிரிங்ல முட்டி நிக்கிற சின்னப் புடைப்பு ஒண்ணு பிளேடு அடியில இருக்கும். அது உயரமா இருந்தா நுனி வெளிய நீட்டி பாக்கெட்டைக் கிழிக்கும். அரம் போட்டுக் குறைச்சா பிளேடு உள்ள இறங்கும். ஒரு இழை கூடிட்டா பிளேடோட வாய் ஸ்பிரிங்ல இடிச்சு மழுங்கும்.

கடைசியா ஆணி அடிக்கணும். பிடி முனை ஜெர்மன் சில்வர்னா (வெள்ளி நிறக் கலப்பு உலோகம்) ஆணியும் அதேதான். பித்தளை போட்டா மஞ்சப் பொட்டு காட்டிக்குடுக்கும். அடிக்கும்போது பிளேடுக்கும் உள் தகட்டுக்கும் நடுவுல 0.05 மி.மீ. தகடு சொருகணும், இல்லன்னா மூட்டு இறுகிப் பிளேடு திரும்பாது. அதுக்கு மேல அரம், பஃப் (பாலிஷ் சக்கரம்). அந்த பஃப்லதான் பழைய நிறம் மொத்தமும் போகுது. தினமும் மீன் வெட்ட, கயிறு அறுக்கன்னா நானே மாத்தித் தருவேன். விக்கிறதுக்குன்னா தொடமாட்டேன்.

கீழக்கரை

பார்த்தேன். இரண்டிலும் ஜி ஆர், ஆணித் தலை தெரியவில்லை. அப்படியானால் நுனியை மட்டும் தீட்டிச் சரிசெய்யலாமா? பிடி தந்தமா என்றும் ஒருவர் கேட்கிறார்.

பதில் 3 (மண்டபம்)

அப்போ அசல்தான், நுனியையும் விட்டுவிடுங்கள். தீட்டினால் பிளேடு குட்டையாகும், நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்துக்கும் நுனிக்குமான அளவு மாறும். வாங்குபவர் விரும்பினால் அவரே செய்துகொள்ளட்டும்.

பிடியை லென்ஸில் பாருங்கள். பொடிப் பொடியான கறுப்புத் துளைகள் தெரிந்தால் எலும்பு. வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கோடுகள் இருந்தால் தந்தம். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் வேலை வேண்டாம், தழும்பு நிற்கும். தந்தம் என்றால் விற்பனைப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கல். ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லியும் தப்ப முடியாது, 1991 திருத்தத்தில் அந்த வழியும் அடைபட்டது. மான் கொம்புப் பிடிக்கும் இதே சட்டம்தான்.

பதில் 4 (தங்கச்சிமடம்)

அந்த மஞ்சள் பிடிக் கத்தியை யாரும் கவனிக்கவில்லையா? வெடித்து உதிர்கிறது என்றால் செல்லுலாய்டாக, அதாவது அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்காக, இருக்கும். அது சிதையும்போது விடும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகும். பக்கத்தில் இருக்கும் இரும்பில் துரு, பித்தளையில் பச்சை. வாங்கினாலும் உங்கள் கத்தியோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

உங்கள் துருவுக்கு: தையல் மிஷின் எண்ணெய் தொட்டு ஒரு நாள் ஊறவிட்டு, செம்புக் கம்பியின் நுனியால் செந்துருவை மட்டும் சுரண்டுங்கள். செம்பு எஃகைக் கீறாது. சாம்பல் நிறப் படிவை அப்படியே விடுங்கள். உப்புத்தாள், புளி, எலுமிச்சை எதுவும் ஆகாது. முத்திரைக்குள் அழுக்கு இருந்தால் மூங்கில் குச்சி போதும்.

கீழக்கரை

எலும்புதான், துளைகள் தெரிகின்றன. சுவிஸ் கத்திக்கும் இதே கணக்கா?

பதில் 5 (மண்டபம்)

ஆமாம். 1961-இல் வந்த அலுமினியப் பிடி சிப்பாய்க் கத்தியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பிளேடு அடியில்தான் இருக்கும். பிளேடு போனால் ஆண்டும் போச்சு. அமெரிக்காவின் கேஸ் (Case) கம்பெனிக் கத்தியிலும் 1970-இல் பத்துப் புள்ளி, ஆண்டுக்கு ஒன்று குறையும், அதுவும் அதே இடத்தில். இந்த மாதிரி எதையும் சர்வீசுக்கு அனுப்புமுன் பழைய பாகத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் பழையதை வைத்துக்கொண்டு புதுக் கத்தியே கொடுத்துவிடுவார்கள்.

விற்கும்வரை தோல் உறையில் வைக்காதீர்கள், அது உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். இறுகும் மூடி போட்ட டப்பா, சிலிகா ஜெல், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் காறிப் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். விளம்பரத்தில் முத்திரை, ஒடிந்த நுனி, துருக்குழி மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டு, “பெரிய பிளேடு அசல், நுனி 3 மி.மீ. இல்லை” என்று எழுதுங்கள்.