புதுப்பிப்பு: கடைசி இலக்கம் மாறிய ஐடி

முன்பு நான் கேட்டது இதுதான்: சர்வரிலிருந்து 9007199254740993 என்று கிளம்பும் ஐடி, ஜாவாஸ்கிரிப்டில் வந்து இறங்கும்போது 992 என்று முடிகிறது. டேட்டாபேஸைத்தான் சந்தேகப்பட்டேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் மிதவைப் புள்ளி எண். 9007199254740992-ஐத் தாண்டியதும் அதில் ஒற்றைப்படை எண்களுக்கு இடமே கிடையாது. பக்கத்து இரட்டைப்படைக்கு ஒதுங்கிவிடும்.

‘பிக்இன்ட் போடு’ (பெரிய முழு எண்களையும் இலக்கம் மாறாமல் வைத்துக்கொள்ளும் எண் வகை) என்று பலர் சொன்னீர்கள். போட்டேன், அப்போதும் 992தான்! சர்வர் தகவலை எழுத்து வடிவில் அனுப்பும் ஜேசனைப் பார்ஸ் செய்யும்போதே, அதாவது படித்து மதிப்புகளாக மாற்றும்போதே, எண் கெட்டுவிடுகிறது. கெட்டதை எடுத்து பிக்இன்ட்டுக்குள் போட்டு என்ன பயன்? இப்போது சர்வரே ஐடியை மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காக, அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துத் தொடராக, அனுப்புகிறது. சரியாக வருகிறது. ஐடியை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்பதால் அங்கே பிக்இன்ட்டே தேவைப்படவில்லை.

அப்புறம், நிஜமாகவே கணக்குப் போடும் ஓர் இடத்தில் மட்டும் ஸ்ட்ரிங்கிலிருந்து நேராக பிக்இன்ட்டுக்கு மாற்றினேன். அந்த பிக்இன்ட்டோடு சாதாரண 1-ஐக் கூட்டினால், வகை பொருந்தவில்லை என்று டைப்எரர் வருகிறது. எரிச்சல்தான். ஆனாலும் சத்தமில்லாமல் தப்பான விடை தருவதற்கு இது எவ்வளவோ மேல். திரும்ப ஜேசனாக்கும்போதும் அதே எரர். அதற்கு முன்பே ஸ்ட்ரிங்காக்கிவிடுகிறேன்.