மூன்று வாரக் குஞ்சின் எச்சத்தில் இரத்தம்: வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். தாய்க்கோழியுடன் மேய்ந்துகொண்டிருந்த சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுள் ஒன்று, அடைமழைக்குப் பிறகு சிறகைத் தொங்கவிட்டுக் கண்மூடி ஒதுங்கி நிற்கிறது. வயது மூன்று வாரம். எச்சம் நீர்த்துச் செந்நிறமாக இருக்கிறது, தீனியைத் தொடுவதில்லை. கால்நடை மருந்தகம் தொலைவில் இருப்பதால், நாளை காலை வரை வீட்டிலேயே செய்யக்கூடியது என்ன? குழந்தைகளுக்குப் பால் புகட்டும் பாலாடையில் மஞ்சள் நீர் புகட்டலாமா?

பதில்:
மருந்தைவிடச் சூடுதான் முதலில் தேவை. ஓர் அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். குஞ்சு பல்பின் அடியிலேயே ஒடுங்கினால் சூடு போதவில்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி விலகிப் போனால் சூடு மிகுதி. உடல் குளிர்ந்த குஞ்சுக்குத் தீனி செரிக்காது என்பதால், கால்கள் கதகதப்பாகும் வரை உணவு கொடுக்க வேண்டாம். பிறகு வெதுவெதுப்பான வெல்ல நீரை அலகின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக வைத்து, அதுவே விழுங்கும்வரை பொறுத்திருங்கள். பாலாடை கூடவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் பின்புறத்திலேயே இருப்பதால், ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

பதில்:
அறிகுறிகளைப் பார்த்தால் இரத்தக்கழிச்சல் போலத் தெரிகிறது. இது ஐமீரியா என்னும் ஒட்டுண்ணியால் வருவது; ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் எச்சத்தில் உள்ள அதன் முட்டைகள் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடும். எனினும், நலமான கோழியும் இடையிடையே சாக்லேட் நிறத்தில் பிசுபிசுப்பான எச்சமிடும். அதை இரத்தமென்று கருதிக் கலங்குவோர் பலர். வெள்ளைத்துணியில் ஒற்றிப் பார்த்தால் சிவப்பு தெளிவாகத் தெரியும்.

இரத்தம்தான் என்று உறுதியானால், மருத்துவர் பெரும்பாலும் குடிநீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் தருவார். அளவை அவரே சொல்லட்டும். அம்மருந்து தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைப் போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடுவதாகையால், அதனுடன் பி காம்ப்ளெக்ஸ் சொட்டுகளைக் கொடுப்பது மருந்தின் வேலையையே கெடுக்கும். நலம் விசாரிக்க வருவோர் முதலில் பரிந்துரைப்பது அந்தச் சொட்டுகளைத்தான்! மஞ்சள் இந்நோய்க்கு மருந்துக்கு மாற்றாகாது. பச்சை நிறக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் இருந்தால் அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாகலாம். அதற்கு மருந்தில்லை, ஏழாம் நாளில் இடும் சொட்டுத் தடுப்பூசிதான் காப்பு.

பதில்:
மற்றக் குஞ்சுகளை மறந்துவிடாதீர்கள். அவையும் அதே ஈரத்தரையில்தான் மேய்ந்தன; மருந்துநீர் அனைத்துக்கும் தேவைப்படலாம். வழக்கமான கிருமிநாசினிகள் அந்த ஒட்டுண்ணியின் முட்டைகளை அழிப்பதில்லை. நனைந்த உமியை அள்ளி அகற்றி, தரையை நன்றாக உலரவிடுவதே வழி. நீர்த்தட்டை எச்சம் விழாத உயரத்தில் வையுங்கள். தேறிய குஞ்சை இருட்டியபின் தாயின் இறகடியில் விட்டால், கொத்தி விரட்டாமல் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.